தானியத்தில் பூஞ்சை நச்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதிரில் பூஞ்சை விழுந்தால் மகசூல் குறையும் என்பது தெரிந்த விஷயம்தான். சில பூஞ்சைகள் அதோடு விடுவதில்லை. அறுவடைக்கு மிஞ்சுகிற மணிக்குள்ளும் நஞ்சை வைத்துவிட்டுப் போகின்றன. அந்த மணிதான் உணவாகவும் தீவனமாகவும் போகிறது. அதனால் பயிரிடுபவர், வாங்கி விற்பவர், மாடு வளர்ப்பவர், சமைப்பவர் என எல்லோரிடமிருந்தும் இதைப் பற்றிக் கேள்விகள் வருகின்றன. திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: பூஞ்சை வேறு, அது விட்டுச்செல்லும் நச்சு வேறு. இந்த வித்தியாசம் பிடிபட்டால் கீழே உள்ள பதில்களில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

தானியப் பயிரைத் தாக்கும் எல்லாப் பூஞ்சையும் நச்சு உண்டாக்குமா?

இல்லை. துரு நோய், சாம்பல் நோய், குலை நோய் போன்றவை விளைச்சலைப் பெரிதாக அடிக்கும். ஆனால் மணியைச் சாப்பிடுபவருக்கு அவற்றால் நச்சு அபாயம் இருப்பதாகக் கருதப்படுவதில்லை. கவலைப்பட வேண்டிய கூட்டம் சிறியது. வயலில் முக்கியமாக ஃபியூசேரியம், கிளாவிசெப்ஸ் என்ற இரண்டு பேரினங்கள். வயலிலும் கிடங்கிலும் அஸ்பெர்ஜில்லஸ். பெரும்பாலும் கிடங்கில் பெனிசிலியம். மக்காச்சோளம், கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், சோளம், கம்பு, நெல் என்று எந்தத் தானியத்தை எடுத்தாலும் இவற்றில் ஒன்றாவது வரக்கூடும். ஆனால் எது வரும் என்பது பயிரையும் பருவநிலையையும் பொறுத்தது.

நச்சு என்றால் சரியாக என்ன? அது கிருமியா?

கிருமி இல்லை. பூஞ்சை வளரும்போது சுரக்கும் சின்ன வேதிப்பொருள் அது. அதற்கு உயிர் கிடையாது, பெருகாது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. அதே காரணத்தால் அதைக் கொல்லவும் முடியாது. மணியை நன்றாகக் காயவைத்தால் பூஞ்சை செத்துப்போகலாம் அல்லது உறங்கிப்போகலாம். அதற்கு முன்பே மணிக்குள் சேர்ந்த நச்சு அப்படியேதான் இருக்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. மணியின் மேல் பூஞ்சை தெரிந்தால் நச்சு கட்டாயம் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரே இனத்திலேயே நச்சு சுரக்கும் ரகமும் சுரக்காத ரகமும் உண்டு. சுரக்கும் ரகம்கூட வெப்பம், ஈரம், பயிர்படும் பாடு எல்லாம் ஒத்துவந்தால்தான் அதிகம் சுரக்கும். ஆக, கண்ணால் பார்ப்பது ஓர் எச்சரிக்கைதான், தீர்ப்பு அல்ல.

கோதுமையில் கதிர் பாதி வெளுத்துப்போகிறது. இதுதான் அந்த நோயா?

பெரும்பாலும் ஃபியூசேரியம் கதிர்க் கருகலாக இருக்கும். கதிர் முழுக்கப் பச்சையாக இருக்கும்போதே நடுவில் சில சிறுகதிர்கள் மட்டும் வைக்கோல் நிறத்துக்கு மாறுவது இதன் அடையாளம். ஈரமான காலையில் கிட்டப் போய்ப் பார்த்தால், வெளுத்த சிறுகதிரின் அடியில் இளஞ்சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ மாவு போன்ற படிவு தெரியும். அது வித்துகளின் கூட்டம். அறுவடையில் கிடைக்கும் மணி சுருங்கி, எடை இல்லாமல், சுண்ணாம்பு வெள்ளையாகவோ லேசான இளஞ்சிவப்பாகவோ இருக்கும். கதிர் முழுதும் ஒரேயடியாகக் காய்ந்திருந்தால் தண்டுப் புழு, வேரழுகல், உறைபனி என்று வேறு காரணங்களையும் பார்க்க வேண்டும்.

இந்த நோய் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தடுக்கும் வழி அதில்தான் இருக்கிறது. ஃபியூசேரியம் கிராமினியாரம் என்ற பூஞ்சை, போன பருவத்துப் பயிரின் தட்டையிலும் தாளிலும் உயிரோடு கிடக்கிறது. மக்காச்சோளத் தட்டை அதற்கு மிகவும் பிடித்த இடம். வெப்பமும் மழையும் சேர்ந்து வந்தால் அந்தத் தட்டையிலிருந்து வித்துகளைக் காற்றில் எறிகிறது. அப்போது கோதுமை பூத்திருந்தால், வெளியே தள்ளி நிற்கும் மகரந்தப் பைகள் வழியாக உள்ளே நுழைகிறது. இரண்டு மூன்று நாள் விடாத ஈரமும் 25 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பமும் இருந்தால் தொற்று உறுதி என்றே வைத்துக்கொள்ளலாம். பூக்கும் வாரம் வறண்டு போனால், தட்டை நிறையக் கிடந்தாலும் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். முழு ஆண்டின் உழைப்பும் அந்தச் சில நாள் வானிலையில் தொங்குகிறது.

உள்ளே நுழைந்த பூஞ்சை டிஆக்ஸினிவலெனால் என்ற நச்சைச் சுரக்கிறது. சுருக்கமாக டான் என்பார்கள். இந்த நச்சு அதற்கு ஆயுதமும்கூட. ஒரு சிறுகதிரிலிருந்து அடுத்ததுக்குப் போகக் கதிர்க்காம்பைக் கடக்க வேண்டும். டான் சுரக்க முடியாதபடி மரபணு நீக்கப்பட்ட பூஞ்சையைக் கோதுமையில் ஏற்றிப் பார்த்தபோது, அது ஏறிய சிறுகதிரோடு நின்றுவிட்டது. பார்லியில் இந்தப் பரவல் இயல்பாகவே குறைவு. அங்கே தனித்தனி மணிகள் தனித்தனியாகத்தான் தொற்றுகின்றன.

பூஞ்சைக்கொல்லி அடித்தால் போதாதா?

உதவும், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. டெபுகோனசோல், புரோதியோகோனசோல், மெட்கோனசோல் போன்ற டிரையசோல் வகை மருந்துகளைக் கோதுமை பூக்கத் தொடங்கும்போது கதிரில் நேராகப் படும்படி அடிக்க வேண்டும். பார்லிக்குக் கதிர் முழுதும் வெளிவந்த சமயம். நாலைந்து நாள் தள்ளிப்போனாலே பலன் சரியத் தொடங்கும். வெளுப்பு கண்ணில் பட்ட பிறகு அடிப்பது பணத்தைக் கொட்டுவதுதான். எல்லாம் சரியாக அமைந்தாலும் நோயும் நச்சும் பாதியை ஒட்டிக் குறையும், அவ்வளவுதான்.

ஸ்ட்ரோபிலூரின் வகை மருந்துகளில் கவனம் வேண்டும். இலை நோய்க்கு அவை நல்ல மருந்துகள். ஆனால் கதிர் வெளிவரும் கட்டத்தில் அடித்தால், சில சமயம் நோய் குறைந்ததுபோல் தெரிந்து டான் அளவு கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கதிர்க் கருகல் அபாயம் உள்ள வயலில் அந்தக் கட்டத்தில் இவற்றைத் தவிர்ப்பதுதான் சரி.

அப்படியானால் வேறு என்ன செய்யலாம்?

என்னைக் கேட்டால் முதல் இடம் பயிர்ச் சுழற்சிக்குத்தான். மக்காச்சோளம் அறுத்த வயலில், தட்டை மேலேயே கிடக்க, உழாமல் கோதுமை விதைப்பது இந்த நோய்க்குக் கதவைத் திறந்து வைப்பது. இடையில் பயறு, எண்ணெய் வித்து என்று புல்லினம் அல்லாத ஒன்று வந்தால் பூஞ்சைக்குத் தங்க இடம் குறையும். சுழற்சி முடியாவிட்டால் தட்டையைப் பொடியாக நறுக்கி மண்ணில் புதைக்கலாம். மண் காக்கும் உழவற்ற முறையை விரும்புகிறவர்களுக்கு இது தர்மசங்கடம்தான். அவர்கள் சுழற்சியை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ரகம். முழு எதிர்ப்புள்ள கோதுமை எங்கும் இல்லை; ஓரளவு தாங்கும் ரகங்கள் உண்டு. சீனாவின் சுமாய்-3 என்ற ரகத்திலிருந்து வந்த எஃப்எச்பி-1 என்ற மரபணுப் பகுதியை உலகெங்கும் இனப்பெருக்குநர்கள் பயன்படுத்துகிறார்கள். தாங்கும் ரகம், சுழற்சி, பூக்கும்போது மருந்து ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் நம்பிக்கையோடு இருக்கலாம். அப்புறம் அறுவடையில் ஒரு சின்ன வேலை: அறுவடை இயந்திரத்தின் காற்றைக் கூட்டி வைத்தால் சுருங்கிய இலேசான மணிகள் பதரோடு வெளியே பறந்துவிடும். நச்சில் பெரும் பங்கு அவற்றில்தான் இருக்கும்.

மக்காச்சோளத்தில் அஃப்ளாடாக்சின் என்கிறார்கள். அதுவும் மழையால் வருவதா?

வயலில் பெரும்பாலும் தலைகீழ். அஃப்ளாடாக்சின் என்ற நச்சைச் சுரக்கும் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் வெப்பமும் வறட்சியும் விரும்பும் பூஞ்சை. மணி பால் பிடித்து முற்றும் காலத்தில் தண்ணீர் இல்லாமல் வெயில் வாட்டினால் பயிர் களைத்துப்போகிறது. கதிர்ப்புழு துளை போட்டு வைக்கிறது. மஞ்சள் பச்சை நிறப் பூஞ்சை அந்தத் துளை வழியாகவும் கதிர்ப்பட்டு இழைகள் வழியாகவும் உள்ளே போகிறது. ஆக, உரிய காலத்தில் விதைப்பது, மணி பிடிக்கும் நேரத்தில் ஒரு தண்ணீராவது கொடுப்பது, புழுவைக் கட்டுப்படுத்துவது எல்லாமே நச்சுத் தடுப்பு வேலைகள்தான்.

அறுவடைக்குப் பிறகு கதை மாறும். அங்கே ஈரம்தான் எதிரி. வயலில் இலேசாகத் தொற்றிய மணி ஈரத்தோடு குவிந்து கிடந்தால் சில நாளிலேயே நச்சு பல மடங்கு ஏறும்.

இதே பூஞ்சையை வைத்து இதைத் தடுக்கலாம் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸில் நச்சு சுரக்காத ரகங்கள் இயற்கையிலேயே உண்டு. அவற்றைப் பிரித்தெடுத்து, முளைக்காதபடி சூடாக்கிய சோள மணிகளில் ஏற்றி, பயிர் பூப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு ஹெக்டேருக்குச் சுமார் 10 கிலோ வீதம் வயலில் தூவுகிறார்கள். நச்சில்லாத ரகம் முந்திக்கொண்டு இடம் பிடித்துவிடுகிறது. நச்சு ரகத்துக்கு இடம் இல்லாமல் போகிறது. அமெரிக்க வேளாண்துறையின் ஆராய்ச்சியில் இந்த முறை வளர்ந்தது. ஆப்பிரிக்காவில் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் ஆய்வு நிறுவனம் அந்தந்த நாட்டு மண்ணிலிருந்தே ரகங்களைத் தேர்ந்து அஃப்ளாசேஃப் என்ற பெயரில் தருகிறது. அஃப்ளாடாக்சின் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்த வயல்கள் ஏராளம். வயலில் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு கிடங்கிலும் ஓரளவு தொடர்வது கூடுதல் லாபம்.

எவ்வளவு காய்ந்தால் பத்திரம்?

மக்காச்சோளம், கோதுமை, சோளம் போன்றவற்றுக்கு 13 சதவீத ஈரப்பதம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நாள் வைப்பதானால் அதற்கும் கீழே. அறுத்த ஒன்றிரண்டு நாளுக்குள் இந்த அளவுக்கு வர முடிந்தால் நல்லது. வெறும் தரையில் பரப்பாமல் தார்ப்பாயிலோ மேடையிலோ பரப்ப வேண்டும், ஏனென்றால் மண்ணிலிருந்து ஈரமும் வித்தும் ஏறும்.

மூட்டையின் சராசரி ஈரம் சரியாக இருந்தாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. பகலில் சூடாகி இரவில் குளிரும் கிடங்கில், கூரைக்கு அடியிலும் சுவர் ஓரத்திலும் தண்ணீர் கோர்க்கும். வண்டு பெருகும் இடத்தில் அவற்றின் மூச்சாலேயே சூடும் ஈரமும் கூடும். நச்சு இப்படிப்பட்ட சின்னச் சின்ன மூலைகளில்தான் தொடங்குகிறது. காற்றுப் புகாத பைகள் இங்கே நன்றாக வேலை செய்கின்றன. உள்ளே இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்து கரியமில வாயு கூடும்போது வண்டும் சாகும், பூஞ்சையும் அடங்கும். ஆனால் சரியாகக் காயாத தானியத்தை அந்தப் பைக்குள் போடக் கூடாது.

கம்பில் தேன் ஒழுகல் நோய் வந்தால் அதுவும் நச்சா?

ஆமாம். கிளாவிசெப்ஸ் ஃபியூசிஃபார்மிஸ் என்ற பூஞ்சை பூவின் சூலகத்தில் நுழைந்து, மணி இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. முதலில் பிசுபிசுப்பான இனிப்புத் துளி வடியும். பிறகு அந்த இடத்தில் கருநிறத்தில் கெட்டியான பூஞ்சைக்கட்டி உருவாகும். அந்தக் கட்டியில்தான் நச்சு. அதைத் தானியத்தோடு அரைத்துச் சாப்பிட்டால் குமட்டல், வாந்தி, தலைசுற்றல், நீண்ட நேரத் தூக்க மயக்கம் வரும். இந்தியாவில் மகாராஷ்டிரத்தில் 1950-களிலும் ராஜஸ்தானில் 1975-லும் இப்படி நடந்தது. உயிர்ச்சேதம் விளைவிக்கும் வகை இல்லை என்பது ஒரு நிம்மதி.

இதில் பூவின் மகரந்தச் சேர்க்கை முக்கியம். சேர்க்கை நடந்த உடனே சூல்முடி சுருங்கிப் பூஞ்சைக்கு வழி அடைபடுகிறது. பூக்கும் சமயத்தில் மகரந்தம் போதாமல் போகும் கலப்பின வயல்களில் நோய் அதிகம் வருவது இதனால்தான். விதையைச் சுத்தம் செய்ய எளிய வழி உண்டு. 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ உப்பைக் கரைத்து விதையைக் கொட்டினால் கட்டிகள் மிதக்கும். மிதப்பதை அரித்து எடுத்துவிட்டு, விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி நிழலில் உலர்த்த வேண்டும்.

ஐரோப்பாவில் ஊரையே அழித்த எர்காட் இதுதானா?

அது இதன் உறவு, ஆனால் பல மடங்கு கொடியது. ரை தானியத்தில் வரும் கிளாவிசெப்ஸ் பர்ப்பூரியா. அதன் நச்சு இரத்தக் குழாய்களை இறுக்கும். கை கால்களில் எரிச்சல் தொடங்கி, விரல்கள் கருத்து அழுகி விழுந்தன. சில ஊர்களில் வலிப்பும் மனப்பிறழ்வும் வந்தன. இடைக்கால ஐரோப்பாவில் இதைப் புனித அந்தோணியின் நெருப்பு என்றார்கள். நோயாளிகளைப் பராமரிக்கவே 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் ஒரு துறவியர் சபை தோன்றியது. ரொட்டிதான் காரணம் என்று உணரப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. 1853-இல் துலான் என்ற பிரெஞ்சு அறிஞர் இந்தப் பூஞ்சையின் வாழ்க்கைச் சுழற்சியை முழுமையாக விளக்கினார். அதே கட்டியிலிருந்துதான் பிரசவ இரத்தப்போக்கை நிறுத்தும் எர்கோமெட்ரினும் ஒற்றைத் தலைவலிக்கான எர்கோடமினும் வந்தன. இன்று ஆலைகளில் கட்டிகளை நிறத்தை வைத்தும் எடையை வைத்தும் பிரித்துவிடுகிறார்கள்.

நெல்லில் வரும் நெற்பழம்?

உஸ்டிலாகினாய்டியா வைரென்ஸ் என்ற பூஞ்சை. மணியை மஞ்சள், கரும்பச்சை உருண்டையாக மாற்றும். அது உஸ்டிலாக்சின் என்ற நச்சைச் சுரக்கிறது. உருண்டைகளைத் தூற்றியும் சலித்தும் நீக்கிவிட வேண்டும். தவிட்டையும் வைக்கோலையும் தீவனமாக்கும்போது கவனம் வேண்டும்.

நன்றாக வேகவைத்தால் நச்சு போய்விடாதா?

போகாது. அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இதுதான். பதில் எல்லோருக்கும் ஏமாற்றம். அஃப்ளாடாக்சினின் முக்கிய வகையான பி-1 சிதையவே 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். கொதிநீர் 100 டிகிரியில் நின்றுவிடுகிறது. ரொட்டி சுட்டாலும் வறுத்தாலும் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். டான் நீரில் கரையும் என்பதால் வேகவைத்த நீரை வடித்துக் கொட்டினால் அதில் ஒரு பகுதி வெளியேறும். சுண்ணாம்பு நீரில் மக்காச்சோளத்தை வேகவைத்துக் கழுவும் மெக்சிகோ முறையில், மக்காச்சோளத்தில் வரும் ஃபியூமோனிசின் என்ற ஃபியூசேரியம் நச்சு நன்றாகக் குறைகிறது.

சமையலைவிட அதற்கு முந்தைய வேலைகளில் பலன் அதிகம். உடைந்த, சுருங்கிய, நிறம் மாறிய மணியைப் பொறுக்குவது, புடைப்பது, தோல் நீக்குவது. நச்சு பெரும்பாலும் மேற்பகுதியில் இருப்பதால் தவிடு நீக்கிய மாவில் அளவு குறையும். நீக்கிய தவிட்டில் அது அடர்ந்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. தானியத்திலிருந்து எத்தனால் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையில் நச்சு ஏறக்குறைய மூன்று மடங்கு அடர்ந்துவிடும். அது தீவனமாகப் போகிறது.

உடம்புக்கு என்ன செய்யும்?

நச்சைப் பொறுத்தது. அளவையும் பொறுத்தது.

அஃப்ளாடாக்சின் கல்லீரலைத் தாக்குகிறது. மொத்தமாக உள்ளே போனால் சில நாளில் மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர், மரணம். 1974-இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைக் கிராமங்களில் பருவம் தப்பிய மழையில் நனைந்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீட்டு நாய்களும் செத்தன. கென்யாவில் 2004-இல் 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் இறந்தார்கள். இவை வெளியே தெரிந்தவை. சிறுகச் சிறுக ஆண்டுக்கணக்கில் உள்ளே போவது வெளியே தெரியாது. அதன் முடிவு கல்லீரல் புற்றுநோய். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவருக்கு இதன் வீரியம் 30 மடங்கு வரை கூடுவதாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. அதனால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் அஃப்ளாடாக்சினுக்கு எதிரான ஒரு காவல்தான்.

டான் செல்கள் புரதம் தயாரிப்பதைத் தடுக்கிறது. வாந்தி, வயிற்று வலி, வயிற்றுப்போக்கு. 1987-இல் காஷ்மீரில் மழையில் கெட்ட கோதுமையால் பலர் வயிற்று உபாதைக்கு ஆளானபோது இந்தக் குடும்பத்து நச்சுகள்தான் கண்டுபிடிக்கப்பட்டன. அதே குடும்பத்தின் டி-2 மிகக் கொடியது. 1940-களில் சோவியத் ஒன்றியத்தின் ஓரன்பர்க் பகுதியில், பஞ்சத்தால் பனிக்காலம் முழுக்க வயலில் கிடந்த தானியத்தைப் பொறுக்கித் தின்றவர்களுக்கு எலும்பு மஜ்ஜை செயலிழந்து இரத்தக் கசிவில் ஏராளமானோர் இறந்தார்கள். பசிதான் அவர்களை அந்தத் தானியத்திடம் தள்ளியது.

ஃபியூமோனிசின் 1988-இல் தென்னாப்பிரிக்காவில் அடையாளம் காணப்பட்டது. மக்காச்சோளத்தில் ஃபியூசேரியம் வெர்டிசிலியாய்டஸ் சுரப்பது. குதிரைக்கு மூளை கரையும் நோயையும் பன்றிக்கு நுரையீரல் நீர்க்கோப்பையும் தரும். மனிதரில் உணவுக்குழாய்ப் புற்றுநோயோடும், கருவில் தண்டுவடம் சரியாக மூடாத குறைபாட்டோடும் தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகம் வலுவானது. 1995-இல் தக்காணப் பீடபூமியின் சில கிராமங்களில் மழையில் நனைந்த சோளமும் மக்காச்சோளமும் வயிற்று வலியையும் பேதியையும் கொடுத்தன. சிறுநீரகத்தைப் பாதிக்கும் ஓக்ராடாக்சின் ஈரமான கிடங்கிலிருந்து வருவது.

மாட்டுக்குப் போட்டால் பரவாயில்லையா?

கூடாது. கறவை மாடு தின்ற அஃப்ளாடாக்சின் பி-1-இல் ஒரு பகுதி, பொதுவாக 1 முதல் 6 சதவீதம், எம்-1 என்ற இன்னொரு அஃப்ளாடாக்சினாக மாறி ஒரு நாளுக்குள் பாலில் வந்துவிடும். பாலைக் காய்ச்சினாலும் போகாது. பாலை அதிகம் குடிப்பது குழந்தைகள். நல்ல செய்தி, தீவனத்தை மாற்றினால் சில நாளில் பால் தெளிந்துவிடும்.

டானை முதலில் கண்டுகொள்வது பன்றி. கிலோவுக்கு 1 மில்லிகிராம் தாண்டினாலே தீனியைக் குறைக்கத் தொடங்கும். அசைபோடும் மாடு ஓரளவு தாங்கும், ஏனென்றால் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் டானை உடைத்துவிடும். ஃபியூசேரியம் சுரக்கும் இன்னொரு நச்சான ஜியாரலெனோன் பெண் ஹார்மோன் போல வேலை செய்து பெண் பன்றிகளில் பிறப்புறுப்பு வீக்கம், சினைப் பிரச்சினை தரும். கோழியும் வாத்தும் அஃப்ளாடாக்சினில் துவண்டுபோகும். உண்மையில் இந்த நச்சு வெளிச்சத்துக்கு வந்ததே 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்தபோதுதான். காரணம் பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கு.

சோதித்துப் பார்க்க என்ன வழி?

கையடக்கச் சோதனைப் பட்டைகள் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒரு மதிப்பு தரும். துல்லியம் வேண்டுமானால் ஆய்வகத்தில் நிறப்பிரிகைக் கருவி. புற ஊதா விளக்கில் பச்சை மஞ்சளாக ஒளிர்வதைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒளிர்வது நச்சு அல்ல, பூஞ்சை சுரக்கும் இன்னொரு அமிலத்தின் விளைவு.

கருவியைவிடப் பெரிய பிரச்சினை மாதிரி எடுப்பது. அஃப்ளாடாக்சின் மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. ஆயிரம் மணியில் ஒன்றிரண்டில் மட்டும் கொட்டிக் கிடக்கும். மேலாக ஒரு கைப்பிடி எடுத்தால் அந்த மணி சிக்காமலே போகும். அறிக்கை சுத்தம் என்று வரும். பல மூட்டைகளில், பல ஆழங்களில் சிறிது சிறிதாக எடுத்து, சில கிலோ சேர்த்து, அத்தனையையும் அரைத்துக் கலந்து, அதிலிருந்துதான் சோதனைக்கு எடுக்க வேண்டும். மலிவான கருவியும் நல்ல மாதிரியும் இருந்தால், விலை உயர்ந்த கருவியும் மோசமான மாதிரியும் இருப்பதைவிட நல்ல விடை கிடைக்கும்.

சட்ட வரம்பு எவ்வளவு? நாட்டுக்கு நாடு ஏன் மாறுகிறது?

அஃப்ளாடாக்சினுக்கு இந்தியாவில் தானியத்தில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம், அமெரிக்காவில் உணவில் 20, ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரும்பாலான தானியங்களுக்கு 4. பாலில் எம்-1 இந்தியாவிலும் அமெரிக்காவிலும் 0.5 மைக்ரோகிராம்; ஐரோப்பாவில் 0.05. டானுக்குப் பன்னாட்டு உணவு நெறிமுறையான கோடெக்ஸ் பச்சைத் தானியத்தில் கிலோவுக்கு 2 மில்லிகிராம், மாவில் 1 மில்லிகிராம், குழந்தை உணவில் 0.2 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது. மரபணுவைத் தாக்கிப் புற்றுநோய் தரும் பொருளுக்கு முழுப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. அதனால், முடிந்தவரை குறை என்பதை ஒவ்வொரு நாடும் தன் விளைச்சல், இறக்குமதி, மக்கள் எவ்வளவு தானியம் தின்கிறார்கள் என்பதை வைத்து எண்ணாக்குகிறது. தினமும் மூன்று வேளையும் மக்காச்சோளம் சாப்பிடுபவருக்கு, எப்போதாவது சாப்பிடுபவரின் வரம்பு போதாது. இந்த விஷயத்தில் ஏழைகளின் தட்டுதான் ஏமாற்றப்படுகிறது என்பது என் உறுதியான எண்ணம்: நல்ல தானியம் வரம்பு கடுமையான நாட்டுக்கு ஏற்றுமதியாகிறது, மிஞ்சியது உள்ளூரில் தங்குகிறது.

வெப்பநிலை ஏறுவதால் இது கூடுமா?

கூடத் தொடங்கிவிட்டது. அஃப்ளாடாக்சின் வெப்ப நாடுகளின் பிரச்சினை என்றிருந்த ஐரோப்பாவில், 2003-இன் கடும் வெயிலில் வட இத்தாலி மக்காச்சோளத்தில் அது தலைகாட்டியது. 2012 வறட்சிக்குப் பிறகு செர்பியாவில் தீவனம் வழியாகப் பாலுக்கே வந்து பெரும் பரபரப்பானது.

வரம்பு தாண்டிய தானியத்தை நல்லதோடு கலந்துவிட்டால் அளவு இறங்கிவிடுமே?

கணக்குப்படி இறங்கும். ஆனால் செய்யக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இது சட்டப்படியே தடை. நச்சு சமமாகக் கலப்பதில்லை. யாரோ ஒருவரின் பங்கில் அந்தச் சில மணிகள் மொத்தமாகப் போய்ச் சேரும். முதலில் சலித்து, எடை பிரித்து, நிறம் பிரித்து, மறுபடி சோதிக்க வேண்டும். அதற்குப் பிறகும் அதிகமாக இருந்தால், விதிகள் அனுமதிக்கும் இடத்தில், நச்சைத் தாங்கும் கால்நடைக்கு அளவோடு கொடுக்கலாம். அஃப்ளாடாக்சினைப் பிடித்துவைக்கும் பெண்டோனைட் களிமண்ணைத் தீவனத்தில் சேர்ப்பது நன்றாகவே பலன் தருகிறது. டானிடம் அது பலிப்பதில்லை. எரிபொருள் எத்தனாலுக்கு அனுப்பினால் சக்கையைத் தீவனமாக்காமல் இருக்க வேண்டும்.

விதைக்கு வைத்துக்கொள்ளலாமா?

நச்சு அடுத்த பயிரின் மணிக்கு ஏறி வரும் என்ற பயம் தேவையில்லை. பிரச்சினை பூஞ்சைதான். தொற்றிய விதை பாதிக்குப் பாதி முளைக்காமல் போகலாம், முளைத்த நாற்றும் அழுகலாம். முளைப்புத் திறன் பார்த்து, சுருங்கியவற்றை நீக்கி, விதை நேர்த்தி செய்து விதைக்கலாம். புடைக்கும்போதும் கொட்டும்போதும் எழும் தூசியில் வித்தும் நச்சும் இருக்கும் என்பதால் மூக்கையும் வாயையும் மூடும் கவசம் போட்டுக்கொள்ளுங்கள். விதைத்தது போக மிஞ்சிய நேர்த்தி விதை உணவுக்கும் ஆகாது, தீவனத்துக்கும் ஆகாது.